எஞ்சினுக்கு 30 டிகிரி குளிர்: சிங்கப்பூரில் புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு

காலை 6.45. யீஷூனில் எங்கள் புளோக்கின் அடுக்குமாடிக் கார்ப்பார்க், நான்காவது தளம். வெளியே இன்னும் விடியவில்லை, அதற்குள் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. காரை ஸ்டார்ட் செய்கிறேன். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகியிருக்கும் சிறிய கருவி, கைப்பேசித் திரையில் 29 என்று காட்டுகிறது. எஞ்சினைச் சுற்றி ஓடி அதை ஆற்றும் திரவமான கூலன்ட்டின் சூடு அது. சுற்றிச் சுற்றி இறங்கிக் கார்ப்பார்க் தடுப்பைத் தாண்டும்போது 43. முதல் சிக்னலில் 60. சிலேத்தார் விரைவுச்சாலையில் ஏறும்போது 81. இன்னும் இரண்டு நிமிடம் ஓடினால் 88க்கு வந்து, பிறகு அங்கேயே நிற்கும்.

29 டிகிரி நம் உடம்புக்குப் புழுக்கம். எஞ்சினுக்கு அது குளிர். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு காரும் நிறையப் பணமும் செலவானது. புதிதாக லைசென்ஸ் எடுத்து, பெரும்பாலும் பழைய காராகப் பார்த்து வாங்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதெல்லாம் “கார் சூடாகாம எப்படிப் பாத்துக்கிறது?” என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதில் பாதி விட்டுப்போகிறது. கார் சரியான சூட்டுக்கு வராமல் ஓடுவதும் எஞ்சினைத் தேய்க்கும். அது சத்தமில்லாமல் நடக்கிற தேய்மானம் என்பதால் நம் ஊரில் யாரும் அதைப் பேசுவதில்லை. நான் மெக்கானிக் இல்லை. பதினைந்து ஆண்டுகளாக இங்கே கார் வைத்திருப்பவன். செய்து பார்த்துப் பலித்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எஞ்சின் ஏன் 90 டிகிரியைக் கேட்கிறது?

பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலானவற்றில் கூலன்ட் 85 முதல் 100 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிஸ்டனும், அது மேலும் கீழும் ஓடும் சிலிண்டரும் அந்தச் சூட்டில் விரிந்து ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும்படிதான் அளவெடுத்துச் செய்யப்பட்டவை. குளிர்ந்திருக்கும்போது அந்தப் பொருத்தம் இன்னும் கூடிவரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆயில். 5டபிள்யூ-30 என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயிலின் கெட்டித்தன்மையை 40 டிகிரியில் ஒரு முறையும் 100 டிகிரியில் ஒரு முறையும் அளப்பார்கள். 40 டிகிரியில் சுமார் 60 என்று வந்தால், 100 டிகிரியில் சுமார் 10தான் வரும். நம் காலை நேரத்து 29 டிகிரியில் அது 60ஐயும் தாண்டிவிடும். தோசைக்கல்லில் ஊற்றிய எண்ணெய் முதலில் ஒரே இடத்தில் நின்றுவிட்டு, கல் காய்ந்த பிறகு சட்டென்று ஓரம்வரை ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். கெட்டியான ஆயிலைத் தள்ளவே எஞ்சின் தன் சக்தியில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. தேய்மானத்தைத் தடுக்க ஆயிலில் சேர்த்திருக்கும் ரசாயனங்களில் சிலவும் சூடேறிய பிறகுதான் முழுதாக வேலை செய்யத் தொடங்கும்.

மூன்றாவது விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியாக வெளியே போய்விடும். காலையில் முன்னால் நிற்கும் காரின் புகைக்குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதே, அது இதுதான். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே ஆயில் இருக்கும் இடத்துக்கு இறங்குகிறது. ஆயில் நன்றாகச் சூடானால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். சூடாகாவிட்டால் ஆயிலோடு கலந்து அங்கேயே தங்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காரின் கணினி கூடுதல் பெட்ரோலை வேறு தெளிக்கிறது. அதில் எரியாத பங்கு சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். தினமும் இப்படி நடந்தால் ஆயில் நீர்த்துப்போகும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். “ராத்திரி ஓட்டினா வண்டி நல்லா இழுக்குது, அப்ப குளிர்ச்சிதானே நல்லது?” என்று கேட்பார்கள். எஞ்சினுக்குள் போகும் காற்று குளிர்ந்திருந்தால் அடர்த்தி கூடும். 10 டிகிரி குறைந்தால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் ஏறும், அதனால் இழுவையும் கூடும். அது காற்றின் கணக்கு. உள்ளே போகும் காற்று குளிர்ந்திருக்க வேண்டும், உலோகமும் ஆயிலும் சூடாக இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு.

படி 1: உங்கள் காரின் சூட்டைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

டாஷ்போர்டில் ‘சி’யிலிருந்து ‘எச்’ வரை முள் இருக்கிறதா என்று பாருங்கள். பல டொயோட்டா, ஹோண்டா கார்களில் முள்ளே கிடையாது. ஸ்டார்ட் செய்ததும் நீல நிறத்தில் வெப்பமானி போன்ற ஒரு விளக்கு எரிந்து, சில நிமிடத்தில் அணைந்துவிடும். அதே விளக்கு சிவப்பாக எரிந்தால் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று பொருள். நீல விளக்கு அணைந்ததும் எஞ்சின் தயார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முழுக் குளிர்ச்சி போய்விட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

முள் இருந்தாலும் அதை முழுதாக நம்ப வேண்டாம். இப்போதைய கார்களில் பலவற்றில், கூலன்ட் 80 சொச்சம் டிகிரியில் இருந்தாலும் 105ல் இருந்தாலும் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள் கொஞ்சம் ஆடினாலும் வாடிக்கையாளர் பதறிக்கொண்டு வொர்க்‌ஷாப்புக்கு ஓடி வருவதைத் தவிர்க்கத்தான் அந்த ஏற்பாடு. முள் நடுவைத் தாண்டி ஏறத் தொடங்கினால் நிலைமை ஏற்கெனவே மோசம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் ஓபிடி கருவியை, அதாவது காரின் கணினியிலிருந்து எண்களைப் படித்துக் காட்டும் கருவியை வாங்கச் சொல்கிறேன். ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் பதினாறு துளை கொண்ட ஒரு செருகி இருக்கும். அதில் தீப்பெட்டி அளவுள்ள புளூடூத் கருவியைச் செருகி, கைப்பேசியில் அதற்கான செயலியைத் திறந்தால் கூலன்ட் சூடு எண்ணாகவே தெரியும். விலை அதிகமில்லை. ஒரு வாரம் தினமும் பார்த்து, உங்கள் காரின் வழக்கமான எண்களைக் குறித்து வையுங்கள்: விரைவுச்சாலையில் எத்தனை, சிக்னலில் நிற்கும்போது எத்தனை, மதியம் ஏர்கான் போட்டு நெரிசலில் ஊர்ந்தால் எத்தனை. என் காரில் முறையே 87, 92, 96. என்றைக்காவது இந்த எண்கள் மாறினால், முள்ளோ விளக்கோ சொல்வதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றி வைத்துவிடுங்கள். நாள்கணக்கில் செருகியே இருந்தால் பேட்டரியை மெல்ல உறிஞ்சும்.

படி 2: முதல் பத்து நிமிடம்

ஸ்டார்ட் செய்துவிட்டு ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விடுவது நம் அப்பா காலத்துப் பழக்கம். இப்போதைய எஞ்சினுக்கு அது வேண்டாம். நின்றபடி ஓடும் எஞ்சின் மிக மெதுவாகத்தான் சூடேறும், குளிர்ந்த நிலையில் கழியும் நேரம்தான் கூடும். இங்கே அது சட்டப்படியும் குற்றம். போக்குவரத்து நெரிசல் போன்ற காரணம் இல்லாமல், நிறுத்திய வண்டியின் எஞ்சினை ஓட விட்டால் தேசியச் சுற்றுப்புற அமைப்பு அபராதம் விதிக்கும்.

நான் செய்வது இதுதான். ஸ்டார்ட் செய்து, சீட் பெல்ட் மாட்டி, கண்ணாடிகளைச் சரிபார்க்கும் அரை நிமிடம் போதும். அதற்குள் ஆயில் மேல்பகுதி வரை ஏறிவிடும். பிறகு மெதுவாகக் கிளம்பலாம். கூலன்ட் 80ஐத் தொடும்வரை எஞ்சின் சுழற்சியை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்குள் வைத்துக்கொள்கிறேன். ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்துவதில்லை. வீட்டிலிருந்து வெளியேறியதும் விரைவுச்சாலை நுழைவு வந்துவிடுகிறது என்றால், ஒரு சிக்னல் தள்ளியிருக்கும் அடுத்த நுழைவைப் பிடித்துப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை நுழைவுச் சரிவில் முழு அழுத்தத்தில் விரட்டி 90 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோவதுதான் தினசரி ஓட்டத்தில் அதற்கு நேரும் பெரிய கொடுமை.

கூலன்ட் 90 ஆகிவிட்டாலும் ஆயில் இன்னும் பின்தங்கித்தான் இருக்கும். ஆயில் சூட்டையும் காட்டும் நண்பர் ஒருவரின் காரில் பார்த்தேன். கூலன்ட் 90ல் நின்றபோது ஆயில் 62. இரண்டும் சேர மேலும் எட்டு நிமிடம் பிடித்தது. அவர் அன்று சிங்கப்பூரின் மதிய வெயிலில்தான் கிளம்பினார்.

இப்போது உங்கள் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளையைப் பள்ளியில் விட 2 கிலோமீட்டர். மனைவியை எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறக்க 1.5 கிலோமீட்டர். ஈரச்சந்தைக்குப் போய்வர 3 கிலோமீட்டர். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் வண்டி நின்று ஆறிவிடுகிறது. நாள் முழுக்க ஓட்டியதாகத் தோன்றும், எஞ்சின் ஒரு முறைகூட முழுச் சூட்டைப் பார்த்திருக்காது. இப்படி ஓடிய 40,000 கிலோமீட்டர் காரைவிட, நாள்தோறும் தீவின் இரு கோடிகளான துவாஸுக்கும் சாங்கிக்கும் போய்வந்த 1,20,000 கிலோமீட்டர் காரின் எஞ்சின் உள்ளே சுத்தமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தீர்வு கடினமில்லை. முடிந்த வேலைகளை ஒரே சுற்றில் சேர்த்துவிடுங்கள்: பள்ளியில் விட்டு, அப்படியே சந்தைக்குப் போய், அதே சூட்டில் வீடு திரும்பலாம். வாரத்துக்கு ஒரு முறையாவது 30, 40 நிமிடம் விடாமல் விரைவுச்சாலையில் ஓடட்டும். ஆயிலில் தேங்கிய ஈரமும் பெட்ரோலும் அப்போதுதான் வெளியேறும். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு நடப்பதும் பேருந்து ஏறுவதும் காருக்கு நல்லது. இதை ஆசையோடு சொல்கிறேன், கண்டிப்போடு அல்ல.

படி 3: தெர்மோஸ்டாட்டை யாரையும் கழற்ற விடாதீர்கள்

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கதவு இருக்கிறது, அதுதான் தெர்மோஸ்டாட். அதற்குள் ஒரு மெழுகுக் குமிழ். கூலன்ட் 82 முதல் 88 டிகிரியை எட்டும்போது மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். அதுவரை கூலன்ட் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும். திறந்த பிறகு ரேடியேட்டருக்குப் போய் ஆறி வரும். மின்சாரமே இல்லாமல் மெழுகை வைத்துச் செய்த இந்த ஏற்பாட்டை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை.

என் முதல் கார் ஒரு பழைய செடான். இங்கே கார் வைத்திருக்கத் தேவையான பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழ் முடிய மூன்று ஆண்டுகள் இருந்தபோது வாங்கினேன். ஒருநாள் நெரிசலில் முள் கொஞ்சம் ஏறியது. ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். வேலை முடித்து சாவியைக் கொடுத்தவர் சொன்னார்: “இந்த ஊர் சூட்டுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு தம்பி? எடுத்துட்டேன். இனிமே உங்க வண்டி சூடே ஆகாது.”

சூடாகவே இல்லை. முள் நடுவுக்குக் கீழே நிம்மதியாக நின்றது, நானும் நிம்மதியாக இருந்தேன். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 11க்கு இறங்கியதை பெட்ரோல் தரத்தின் மேல் போட்டேன். சில மாதம் கழித்து எஞ்சின் விளக்கு எரிந்தது. அப்போதுதான் முதல் ஓபிடி கருவியை வாங்கினேன். அது காட்டிய குறியீடு பி0128: கூலன்ட் எட்ட வேண்டிய சூட்டை எட்டவில்லை. விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் கூலன்ட் 66 டிகிரி. பானட்டைத் திறந்து ஆயில் மூடியைத் திருகினேன். மூடியின் அடிப்பக்கம் முழுக்க பால்கோவா நிறத்தில் பசை அப்பியிருந்தது. ஆயிலும் தண்ணீரும் கடைந்து சேர்ந்த குழம்பு அது. விரலில் தொட்டு முகர்ந்தபோது பெட்ரோல் வாடை அடித்தது.

வேறொரு மெக்கானிக் அண்ணனிடம் புதிய தெர்மோஸ்டாட் போட்டு, ஆயிலை ஓராயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு முறை மாற்றினேன். 88 டிகிரி திரும்பியது. மைலேஜும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முதலில் முள் ஏறியதற்குக் காரணம் ரேடியேட்டர் விசிறியின் மோட்டார் என்பதையும் அந்த அண்ணன்தான் கண்டுபிடித்தார்.

குளிர்நாடுகளில் இந்தக் கோளாறு தானாகவே தெரிந்துவிடும். தெர்மோஸ்டாட் திறந்தே சிக்கிக்கொண்டால் ஹீட்டரில் சூடான காற்று வராது, ஓட்டுபவர் நடுங்குவார். இங்கே ஹீட்டர் திருகைத் தொட்டவரே இல்லை. அதனால் இங்கே எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விரைவுச்சாலையில் சூடு வழக்கமான எண்ணுக்கு வெகு கீழே இறங்கி, சிக்னலில் ஏறுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள்.

அதே ஆயில் மூடியைப் பற்றி இன்னொன்று. குறுகிய தூரம் மட்டும் ஓடும் காரில் மூடிக்கு அடியில் லேசான வெண்பசை இருந்தால், ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு துடைத்துவிட்டுக் கவனியுங்கள். திரும்ப வராவிட்டால் அது வெறும் ஈரம். கூலன்ட்டும் சேர்ந்து குறைகிறது, ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால்போலத் தெரிகிறது என்றால் ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு போயிருக்கலாம். அப்போது ஓட்டாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

படி 4: கூலன்ட்

“பனி பெய்யாத ஊர்ல கூலன்ட் எதுக்கு, தண்ணி போதுமே” என்பார்கள். உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலை மட்டுமே. அலுமினியம் அரிக்காமல் காப்பதும், கூலன்ட்டைச் சுற்ற வைக்கும் வாட்டர் பம்பின் சீலைக் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அதே திரவம்தான். வெறும் தண்ணீரை நிரப்பி ஓட்டிய காரின் ரேடியேட்டரைத் திறந்தால் காவி நிறத்தில் சேறு வரும். அந்தச் சேறு குழாய்களை அடைக்கும், பிறகு உண்மையாகவே சூடாகும்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் நிறுவனங்கள் போடும் சாயம். காரின் கையேட்டில் எந்த வகை என்று இருக்கிறதோ அதை, முன்பே கலந்து விற்கும் டப்பாவாக வாங்குங்கள். இரண்டு வகைகளைக் கலந்தால் சில சமயம் திரிந்து கூழாகிவிடும்.

மாதம் ஒரு முறை, காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்கில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே மட்டம் இருக்கிறதா பாருங்கள். கூலன்ட் மூடிய சுற்றில் ஓடுவது, அது குறையவே கூடாது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். ரேடியேட்டரின் மேல்பகுதி இப்போது பிளாஸ்டிக். ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து அதில் மயிரிழை விரிசல் விழும். கசிந்த இடத்தில் கூலன்ட் காய்ந்து வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் பூத்ததுபோலத் தெரியும். டார்ச் அடித்து அதைத் தேடுங்கள். ரப்பர் ஹோஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலும், ஊறிய பன்னைப்போலக் கொழகொழத்திருந்தாலும் மாற்ற வேண்டிய நேரம். பத்தாண்டு தாண்டி உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்த கார் என்றால் ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே முறையில் பார்த்துவிடுவது நல்லது.

படி 5: கடற்பாலத்து நெரிசலும் சிவப்பு விளக்கும்

முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் மலேசிய எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்குப் போவதில்லை. அது சட்டம். அந்தப் பெட்ரோல் முள்ளைப் பார்க்கும் கையோடு கூலன்ட் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள். ஜொகூருக்குப் போகும் கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலையில் அந்த ஒரு கிலோமீட்டரில் மணிக்கணக்கில் நிற்பீர்கள்.

ஓடும் காரில் ரேடியேட்டரைக் காற்று ஆற்றுகிறது. நிற்கும் காரில் விசிறி மட்டுமே. ஏர்கானின் சூட்டை வெளியே தள்ளும் கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. அது கக்கும் சூடு முதலில் ரேடியேட்டரில்தான் மோதும். எனவே பயணத்துக்கு முதல் நாளே ஒரு சோதனை செய்யுங்கள்: எஞ்சினை ஓட விட்டு ஏர்கானைப் போடுங்கள், பானட்டைத் திறந்து விசிறி சுற்றுகிறதா பாருங்கள். ஒரு நிமிட வேலை. இரண்டு விசிறிகள் இருந்தால் இரண்டும் சுற்ற வேண்டும். கையை உள்ளே நீட்ட வேண்டாம்.

நெரிசலில் எண் 105ஐத் தாண்டுகிறது, அல்லது முள் நடுவை விட்டு ஏறுகிறது என்றால் முதலில் ஏர்கானை அணையுங்கள். கண்ணாடிகளை இறக்குங்கள். ஹீட்டர் இருக்கும் காரென்றால் திருகை முழுச் சூட்டுக்கும் காற்றை முழு வேகத்துக்கும் திருப்புங்கள். ஹீட்டர் என்பதே காருக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். உள்ளே வெந்துபோவீர்கள், பிள்ளைகள் அழுவார்கள், எஞ்சின் பிழைக்கும். நான் ஒரு முறை இப்படியே 40 நிமிடம் ஊர்ந்து ஜொகூர் பாரு போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் பேச்சே இல்லை. அபாய விளக்கைப் போட்டு ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். “அடுத்த எக்ஸிட் வரைக்கும்தானே” என்று ஓட்டிய இரண்டு கிலோமீட்டரில்தான் எஞ்சின் செத்துப்போகிறது. எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அளவு மீறினால் ஹெட் வளைந்துவிடும், நடுவில் இருக்கும் கேஸ்கட் பிய்ந்துவிடும். அதற்கு முன்பே வண்டி இழுக்காமல் சோர்ந்துவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். சூடு ஏறினால் பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன் தானாகவே வெடிக்கப் பார்க்கும். எஞ்சினைக் காப்பாற்றக் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும், அதனால் இழுவை குறையும். அந்தச் சோர்வும் ஓர் எச்சரிக்கைதான்.

ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே இருக்கும் திரவம் 110 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கிறது. வழக்கமான மூடி பிடிக்கும் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியில்தான் கொதிக்கும். குக்கரில் வெயிட் போட்டிருப்பதைப்போல. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், அத்தனை திரவமும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் பீறிடும். குறைந்தது 45 நிமிடம் காத்திருங்கள். மேல் ஹோஸைத் தொட்டால் கை தாங்க வேண்டும், அமுக்கினால் தொய்வாக இருக்க வேண்டும். அதுவரை பாட்டில் தண்ணீரை எஞ்சின்மேல் ஊற்றவும் வேண்டாம், வெந்த உலோகம் விரிசல் விடும்.

சிங்கப்பூர் விரைவுச்சாலைக்குள் நின்றுவிட்டால் எல்லோரையும் இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிறுத்துங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, அருகில் குறிக்கப்பட்ட கார்நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துச் செல்லும். அங்கிருந்து வொர்க்‌ஷாப்புக்குப் போவது உங்கள் செலவு, அல்லது உங்கள் காப்புறுதியின் செலவு.

படி 6: ஆயில்

“சூடான ஊர், கெட்டி ஆயில் போடுங்க” என்று சிலர் சொல்வார்கள். எஞ்சினின் சூட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தெர்மோஸ்டாட். ஊரின் வெயிலுக்கு அதில் பங்கு குறைவு. கையேடு 0டபிள்யூ-20 என்றால் அதையே போடுங்கள். கையேட்டிலேயே வேறு கெட்டித்தன்மைக்கு அனுமதி இருந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் பேசுங்கள். மாற்றும் இடைவெளிக்கு, கையேட்டில் கடினமான ஓட்டத்துக்கென்று தனிப் பகுதி இருக்கும். நெரிசலில் ஊர்வது, குறுகிய தூரங்கள், நின்றபடி ஓடுவது எல்லாம் அதில் அடங்கும். நம்மில் பலருடைய ஓட்டம் அதுதான். நான் 10,000 கிலோமீட்டர் வரை காத்திருப்பதில்லை. 6,000 அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுகிறேன்.

டர்போ கார் வைத்திருப்பவர்கள் வேகமாக ஓட்டி வந்து டக்கென்று அணைக்காதீர்கள். வீட்டுக்கு முந்தைய ஒரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்தாலே டர்போ ஆறிவிடும், கார்ப்பார்க்கில் நின்று ஓட விட வேண்டியதில்லை. ஹைபிரிட் காரில் எஞ்சின் அடிக்கடி அணைந்து எரிவதால் அது ஆறிப்போக வாய்ப்பு அதிகம். பெரிய பேட்டரிக்குக் காற்று போகும் துவாரம் பல மாடல்களில் பின் இருக்கையின் ஓரத்தில் இருக்கும். அதில் துணிப்பை வைத்து அடைத்துவிடாதீர்கள், தூசியைத் துடைத்து வையுங்கள். வாடகைக்கார் ஓட்டுபவர்களுக்கு இது மிக முக்கியம்.

காரைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகும் நாளில் 20 நிமிடமாவது ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போங்கள். மூன்று ஆண்டு கடந்த கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பத்தாண்டு கடந்தவற்றுக்கு ஆண்டுதோறும் அந்தச் சோதனை உண்டு. அங்கே புகையையும் சோதிப்பார்கள். புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சுமார் 250, 300 டிகிரி வந்த பிறகுதான் வேலையைத் தொடங்கும்.

படி 7: பழைய கார் பார்க்கப் போகும்போது

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். மேலே சொன்னதைப் படித்த பிறகு இது இன்னும் தெளிவாகப் புரியும் என்று கடைசிக்கு வைத்தேன்.

விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: “நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.” போனதும் முதல் வேலையாக பானட்டின்மேல் உள்ளங்கையை வையுங்கள். வெயிலில் நிற்கும் கார் என்றால் பானட் வெயிலிலேயே சுட்டிருக்கும், அதைத் திறந்து எஞ்சினின் மேல் மூடியைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் யாரோ காலையிலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். காரணம் சாதாரணமாகவும் இருக்கலாம், குளிர்ந்த எஞ்சினின் தட்டல் சத்தத்தையோ நீலப் புகையையோ மறைப்பதற்காகவும் இருக்கலாம். “நாளைக்கு வர்றேங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

ஆறிய எஞ்சின் என்றால் ஆயில் மூடியின் அடியைப் பாருங்கள், கூலன்ட்டின் நிறத்தைப் பாருங்கள், ஓபிடி கருவியைச் செருகுங்கள். ஸ்டார்ட் செய்து முதல் அரை நிமிடச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு 20 நிமிடம் ஓட்டக் கேளுங்கள். எண் 80 சொச்சத்துக்கு ஏழெட்டு நிமிடத்தில் வர வேண்டும். விரைவுச்சாலையில் இறங்காமல் நிற்க வேண்டும். திரும்பி வந்து ஏர்கானோடு பத்து நிமிடம் நிறுத்தினால் விசிறி வந்து வந்து போக, எண் 100க்குக் கீழேயே இருக்க வேண்டும். என் இப்போதைய காரை அப்படித்தான் வாங்கினேன். விற்ற அம்மா அந்தப் பத்து நிமிடமும் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு எண்ணாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.